ஆர்ச்சர்ட் லேனுக்கு வண்டி போகாது

எங்கள் ஊர்ப் பாட்டை யாராவது புகழ்ந்து பேச ஆரம்பித்தால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. நாற்பத்தைந்து வருஷம் நானும் அதைத் தொண்டை கிழியப் பாடியவள்தான். அதனால்தான் இத்தனை கோபமோ என்னவோ.

பாட்டு 1958இல் வந்தது. எல்மர் கெர்பர் என்ற பால்காரர் எழுதி, அக்கார்டியன் வாசித்துக்கொண்டே பாடி, ஹாரிஸ்பர்க்குக்குப் போய் இசைத்தட்டும் போட்டுவிட்டு வந்தார். கிறிஸ்துமஸ் விருந்தில் மூக்கு முட்டக் குடித்த ஜோனஸ் என்ற விவசாயி குதிரை பூட்டிய பனிவண்டியில் வீட்டுக்குக் கிளம்புகிறான். முதல் சரணத்தில் பாதிரியாரின் வேலியை இடித்துத் தள்ளுகிறான். இரண்டாவதில் பக்கத்து வீட்டுக்காரனின் தபால் பெட்டி போகிறது. மூன்றாவதில் இருட்டில் எதன்மேலோ தடக்கென்று ஏறி இறங்குகிறான். 'பனிபொம்மையோ பாதிரியாரோ, விடிஞ்சா பாத்துக்கலாம்' என்று போய்க்கொண்டே இருக்கிறான். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் 'ஊத்து, இன்னும் ஊத்து, வீடு எங்க ஓடிடப் போகுது' என்று பல்லவி வரும்.

பென்சில்வேனியா மலைகளுக்கு நடுவே எங்கள் ராம்லர் கேப் ஒரு பள்ளத்தாக்கு ஊர். ஒரு தெருவில் தும்மினால் அடுத்த தெருவில் கேட்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் எங்கள் தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் வண்டி மேல் கிறிஸ்துமஸ் தாத்தாவை உட்காரவைத்து, ஒலிபெருக்கியில் இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு ஊரிலுள்ள எல்லாத் தெருவுக்கும் போவோம். குழந்தை இருக்கும் வீட்டு வாசலில் வண்டி நிற்கும். தாத்தா ஓர் ஆரஞ்சும் சாக்லேட் பொட்டலமும் கொடுப்பார். அந்த வீட்டுக்காரர்கள் எங்களுக்கு ஒரு தட்டு பிஸ்கட் கொடுப்பார்கள். பல்லவி வந்ததும் கையில் இருப்பதை எல்லோரும் தூக்கிப் பிடித்து "ஊத்து!" என்று கத்துவார்கள். பீர் இருந்தால் பீர், குழந்தைகளுக்குச் சுடச்சுடக் கோகோ. பால் புட்டியைத் தூக்கிக்கொண்டு கத்திய ஒன்றரை வயதுக் குழந்தையின் படத்தை ஒரு வருஷம் எங்கள் குழுவின் நாட்காட்டியில் அட்டைப் படமாகவே போட்டோம். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேஜ் என்ற சின்னப் பெண், ஆம்புலன்ஸில் எங்களோடு வருபவள், "குடிச்சிட்டு வண்டி ஓட்டுறவனைப் பத்தி ஒரு பாட்டு. அதைத் தீயணைப்பு வண்டியில போடுறோம். நமக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டாள். குழுவின் கூடத்தில் முதலில் சிரித்தது நான்தான். "பனிவண்டிக்கு லைசென்ஸ் வேணும்ங்கிறியா, பேஜ்?" என்றேன். எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். அவள் காது சிவந்துபோய் உட்கார்ந்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கூடத்தில் கோழி விருந்து. எங்கள் கூடத்திலேயே பார் இருக்கிறது. அதில் வரும் லாபத்தில்தான் வண்டிக்கு டயர் மாற்றுகிறோம், எங்களுக்கு ஹெல்மெட் வாங்குகிறோம். நாங்கள் யாரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இல்லை. அன்று பாரில் ஊற்றிக் கொடுத்தது எங்கள் தலைவன் வேர்ன் கெர்பர். பாட்டு எழுதிய எல்மரின் மகன். கர்ட்டிஸ் என்பவன் ஆறோ ஏழோ குடித்துவிட்டுத் தன் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். ஊருக்கு வெளியே டேல் உம்ஹோல்ட்ஸ் சாலை ஓரத்தில் மண்டியிட்டு, பஞ்சரான டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். கர்ட்டிஸ் அவன்மேல் ஏற்றிவிட்டு நிற்காமல் போனான். முதலில் போய்ச் சேர்ந்தவள் நான். ஒன்றும் செய்வதற்கில்லை. போலீஸ்காரரோடு ஆர்ச்சர்ட் லேனுக்குப் போய், டேலின் மனைவி மார்லாவிடம் விஷயத்தைச் சொன்னவளும் நான்தான். அவள் கையில் மாவு ஒட்டியிருந்தது. ஐந்து வயது மகள் டெஸ் மேஜைக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் வழக்கு வந்தது. ஏன் நிற்கவில்லை என்று கர்ட்டிஸைக் கேட்டார்கள். "மான்னு நெனச்சேன். காலையில வந்து பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்" என்றான்.

சாட்சி சொல்ல வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்றாவது சரணம் எனக்கு ஞாபகம் வந்தது. அக்கார்டியனோடு, எல்மரின் குரலிலேயே வந்தது. எழுந்து வெளியே போய்விட்டேன்.

நவம்பர் கூட்டத்தில் நான் தீர்மானம் கொண்டுவந்தேன். இந்த வருஷம் அந்தப் பாட்டு வேண்டாம், வேறு எதையாவது போடலாம் என்றேன். என்னையும் சேர்த்து இருபத்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்.

முதலில் வாயைத் திறந்தது ரஸ். கறிக்கடைக்காரன். பதினேழு வருஷமாகத் தாத்தா வேஷம் அவனுக்குத்தான். தொப்பைக்குத் தலையணைகூட வேண்டாம்.

"உனக்கும் அந்தப் பேஜ் காத்து அடிச்சிருச்சா, டெனீஸ்? இன்னிக்குப் பாட்டு, நாளைக்கு என் தாடி. அப்புறம் கலைமானைக் கட்டி வெச்சு வேலை வாங்குறது பாவம்பீங்க."

"டேல் உன் கடையிலதானே கறி வாங்கினான், ரஸ்?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். மூணாவது சரணத்தைப் பாட்டில்லாம வார்த்தையா மட்டும் சொல்லு பாப்போம். இங்கேயே, இப்பவே சொல்லு."

அவன் வேர்னைத் திரும்பிப் பார்த்தான். வேர்ன் சுத்தியலால் மேஜையைத் தட்டினான்.

வேர்னும் நானும் ஒரே பள்ளிக்கூடப் பேருந்தில் போனவர்கள். என்னைவிட மூன்று வயது பெரியவன். கூட்டத்தில் மட்டும் தலைவர், வெளியே வேர்ன். அன்றைக்கு அந்த மரியாதையெல்லாம் காற்றில் போனது.

"எங்கப்பா கொலைகாரன்ங்கிறியா?" என்றான்.

"உங்கப்பா நல்ல மனுஷன். அவர் பாட்டு எழுதின காலத்துல எல்லாருக்கும் அது சிரிப்பாத்தான் இருந்திச்சு. எனக்கும் இருந்திச்சு. இப்ப சிரிப்பு வரல, அவ்வளவுதான்."

"உனக்கு வரலேன்னா வாயை மூடிக்க. ஊர் பூரா ஏன் மூடணும்? அவர் குரல் வருஷத்துல ஒரு நாள்தான் இந்தத் தெருவுல கேக்குது. கல்லறையில போய் நின்னாக்கூட எனக்கு அவர் ஞாபகம் வர்றதில்ல. அந்த வண்டியில வரும்போதுதான் வருது. அதையும் பிடுங்கிக்கோ!"

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "கர்ட்டிஸுக்கு ஊத்திக் கொடுத்த கை உன்னோடது, வேர்ன்" என்று சொல்லிவிட்டேன். அந்த எட்டு மாதமும் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று அது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று அப்போதே பட்டது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

நாற்காலிகள் உருண்டன. ரஸ் என்னை ஒரு கெட்ட வார்த்தையால் திட்டினான். பேஜ் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். வாக்கெடுப்பில் என் தீர்மானத்துக்கு நான்கு கைகள்தான் உயர்ந்தன.

அதோடு கலைந்திருந்தால் தேவலை. மூலையிலிருந்து பொருளாளர் வில்லிஸ், யாரோடும் சண்டை போடாத மனிதர், தொண்டையைச் செருமினார். "மார்லா மனசு நோகும்ங்கிறதுதானே டெனீஸ் கவலை? அவ தெருவுல மட்டும் பாட்டை நிறுத்திட்டா?"

"ரெண்டு தெரு தள்ளிப் போட்டாலே அங்க கேக்குமே" என்றான் ரஸ்.

"அப்ப ஆர்ச்சர்ட் லேன் பக்கமே போக வேணாம். முட்டுச்சந்து, நாலே வீடு. வண்டியைத் திருப்பவும் இடமில்ல. மத்த மூணு வீட்டுலயும் குழந்தையே கிடையாது. தூரத்துல கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். வாசல்ல வந்து நின்னு முகத்துக்கு நேரா பாட மாட்டோம்ல?"

கூடமே மூச்சு விட்டது. எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. பாட்டும் இருக்கும், பழியும் வராது. கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல வேண்டியிருக்காது. வேர்ன் என்னைப் பார்த்து, "இது போதுமா உனக்கு?" என்றான்.

களைத்துப் போயிருந்தேன். இதாவது கிடைத்ததே என்று தோன்றியது. கையைத் தூக்கினேன். இருபத்து மூன்று கைகளும் உயர்ந்தன. பேஜின் கை கடைசியாக, அரை மனதோடு உயர்ந்தது.

மார்லாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போன் எண் என்னிடம் இருந்தது. இரண்டு முறை எடுத்து, கீழே வைத்தேன். கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாளே என்ற பயம். அவளுக்கு இது நிம்மதியாகத்தான் இருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். மற்றவர்களின் நிம்மதியை முடிவு செய்வதில் எங்கள் ஊர்க்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே பனி விழுந்தது. வண்டி ஓட்டுவது என் வேலை. பெரிய வண்டிக்கு உரிமம் உள்ளவர்கள் நாங்கள் மூன்றே பேர். ஒருவனுக்கு முதுகு வலி, இன்னொருவன் தாத்தா வேஷத்தில் மேலே உட்கார்ந்திருந்தான். வர மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். குழந்தைகள் ஏமாந்துவிடுமே என்று போனேன். வேர்ன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

பாட்டைப் போட்டான். மெயின் தெரு, சர்ச் தெரு, ஆலைத் தெரு. வாசல்களில் கூட்டம், எங்களுக்குப் பின்னால் ஊர்க்காரர்களின் கார் வரிசை. கோப்பைகள் உயர்ந்தன. "ஊத்து!" என்ற கூச்சல் கண்ணாடி வழியாக வந்து என் பல்லில் பட்டது. சில வீடுகளில் மட்டும் மக்கள் கையை உயர்த்தாமல் நின்றதைக் கவனித்தேன். போன வருஷம்வரை அப்படி ஒரு வீடுகூடக் கிடையாது. இப்போது ஏழெட்டு இருந்தன. வேர்னும் கவனித்தான். ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

"பிடிவாதம்" என்றேன்.

"ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றான்.

நாலரை மணிக்கு ஆர்ச்சர்ட் லேன் முனைக்கு வந்தோம். வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. முதல் வீடு மார்லாவுடையது. முனையிலிருந்து முப்பது அடிகூட இருக்காது. வராந்தாவில் விளக்குச் சரம் போட்டிருந்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே பார்த்தேன். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒரு பெரிய உருவம், கையில் அலுமினியத்தாள் மூடிய தட்டோடு. ஒரு சின்ன உருவம், சிவப்புத் தொப்பியோடு. அது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டியது. என் கண்ணாடியை நேராகப் பார்த்து ஆட்டியது.

என் கால் பிரேக்கின் மேல் இருந்தது.

"நேரா போ" என்றான் வேர்ன். அவனும் பார்த்துவிட்டான். அவன் குரல் அடங்கியிருந்தது. "இப்ப நின்னா, பாட்டோட நிக்கணும். மூணாவது சரணம் வரப் போகுது. பாவம் அவ. போ."

"நிறுத்து அதை."

"பின்னால நாப்பது கார் வருது, டெனீஸ். எல்லாரும் பாடிட்டு வர்றாங்க. போ."

கையை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் இருந்தது பாட்டை நிறுத்தும் பொத்தான். நான் நீட்டவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. ஒரு வண்டி ஊர்வலமாகப் போகும்போது அதை ஓட்டுகிறவளும் அதோடு போய்விடுகிறாள். காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தேன். மேலே இருந்த ரஸ் வழக்கம்போல மணியை ஆட்டினான். பக்கக் கண்ணாடியில் அந்தச் சின்னக் கைகள் இன்னும் கொஞ்ச நேரம் ஆடுவது தெரிந்தது.

ஊர்வலம் முடிந்ததும் கூடத்தில் எல்லோருக்கும் கோழியும் மக்காச்சோளமும் போட்ட சூப் கொடுப்போம். ஐந்தரை மணிக்குக் கூடம் நிரம்பியிருந்தது. கதவு திறந்து பனிக்காற்று உள்ளே வந்தது. மார்லா நின்றிருந்தாள். ஒரு கையில் அந்தத் தட்டு, இன்னொரு கையில் டெஸ்ஸின் கை. இரண்டு பேரும் நடந்தே வந்திருந்தார்கள். டெஸ்ஸின் பூட்ஸில் முழங்கால்வரை பனி. அவர்களுக்கு வழிவிடும் சாக்கில் கூட்டம் பின்வாங்கியது.

வேர்ன் கரண்டியை வைத்துவிட்டு முன்னால் போனான். "மார்லா, வா வா. உக்காரு, சூப் கொண்டு வரச் சொல்றேன்."

"எங்க தெருவுக்கு வரலையே."

"இல்ல... அந்தச் சந்துல பனி ஜாஸ்தி..."

"மதியம் நானே தள்ளி வெச்சேன். வண்டி திரும்புற அளவுக்குத் தள்ளினேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு."

வேர்ன் வில்லிஸைப் பார்த்தான். வில்லிஸ் சூப்பைப் பார்த்தார். அந்தக் கோழைத்தனத்தைப் பார்த்ததும் எனக்கு வாயைத் திறக்காமல் இருக்க முடியவில்லை. "நாங்க ஓட்டுப் போட்டு முடிவு பண்ணினோம், மார்லா. அந்தப் பாட்டு உனக்குக் கஷ்டமா இருக்கும்னு. நானும்தான் கை தூக்கினேன்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மார்ச் மாதம் கதவைத் திறந்தபோது பார்த்த அதே கண்கள். அன்று அதில் பயம் இருந்தது. இன்று இருந்தது வேறு.

"கஷ்டம்தான்" என்றாள். "கேட்டாலே உடம்பு நடுங்குது. மூணு நிமிஷம் பல்லைக் கடிச்சிட்டு நிக்கலாம்னு ஒரு வாரமா மனசைத் தயார் பண்ணிட்டு நின்னேன், இவளுக்காக. எனக்குக் கஷ்டம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் பாட்டை நிறுத்தத் தோணல. எங்க வீட்டுக்கு வர்றதை நிறுத்தத் தோணியிருக்கு. எத்தனை பேரு கை தூக்கினீங்க?"

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எல்லாருமா?"

ரஸ் இன்னும் சிவப்பு அங்கியில்தான் இருந்தான். தாடியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, ஓர் ஆரஞ்சையும் சாக்லேட் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு டெஸ் முன்னால் வந்து குனிந்தான். "இந்தா கண்ணு, உனக்குன்னு தாத்தா தனியா எடுத்து வெச்சிருந்தேன்" என்றான். பொய். டெஸ் கையை நீட்டவில்லை. அவனைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"நீதானே ஓட்டினே?"

"ஆமா."

"எங்க வீடு உனக்குத் தெரியும். நீ வந்திருக்கே."

"தெரியும்."

"நான் கை காட்டினேன். நீ பாத்தே."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இல்லை, பார்க்கவில்லை, இருட்டாக இருந்தது என்று சொல்லிவிடுவேன் என்று வேர்ன் எதிர்பார்த்தான் என்று நினைக்கிறேன். அவனுக்கு அது வசதியாக இருந்திருக்கும். எனக்கும்தான்.

"பாத்தேன், டெஸ்" என்றேன்.

"அப்ப ஏன் நிக்கல? நான் ஏதாவது தப்பு பண்ணேனா?"

அங்கே பெரியவர்கள் நூறு பேர் இருந்தார்கள். எரியும் வீட்டுக்குள் நுழைந்து ஆளைத் தூக்கி வந்தவர்கள் அதில் பத்துப் பேராவது இருப்பார்கள். ஒருவர் வாயும் திறக்கவில்லை.

மார்லா தட்டை மேஜையில் வைக்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மகளின் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள்.

"நீ ஒண்ணும் பண்ணல, டெஸ். பாட்டு பாதியில இருந்துச்சு, அதான் நிக்கல" என்றாள். "வா, வீட்டுக்குப் போலாம்."